கட்சியைக் கேட்டுச் சொல்கிறவர்

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது முதலில் கை கொடுப்பது வாசலில் நிற்கும் காவலாளிக்கு. அடுத்து வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், அடுத்து டீ கொண்டுவரும் முருகேசன், அப்புறம் நாங்கள், கடைசியாகத்தான் ஆசிரியர். இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்குவார். ஈரமான, மெத்தென்ற கைகள். கூட யாராவது வந்திருக்கும் நாட்களில்தான் இந்த வரிசை. தனியாக வந்தால் நேராக ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார். காவலாளி எழுந்து நிற்பது அவர் கண்ணில் படாது. நான் இதைக் கவனித்திருக்கவில்லை. முருகேசன்தான் சொன்னார்.

“சார், இன்னிக்கு எனக்குக் கை குடுக்கல. கூட யாரும் வரலபோல.”

பரமக்குடிப் பக்கத்துக்காரர் முருகேசன். ஓமானில் சோஹார் என்ற ஊரில் ஒன்பது வருடம் கப்பல் துறையில் வேலை பார்த்துவிட்டு துபாய்க்கு வந்தவர். அரபி நன்றாகப் புரியும். புரியும் என்பதை யாரிடமும் காட்டிக்கொள்ள மாட்டார்.

நான் அங்கே ஓர் ஆங்கில நாளிதழின் கருத்துப் பக்கத்தில் துணையாசிரியர். பேசினால் புரியும் அளவுக்கு எனக்கும் அரபி வரும். அவர் எகிப்தில் ஒரு கட்சியின் தலைவர். உடல் பரிசோதனைக்கென்று துபாய்க்கு வந்தவர், ஆறு வருடமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீடும் காரும் கொடுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் தெரியும். வாரம் ஒரு கட்டுரை எங்கள் பக்கத்தில் எழுதுவார். ‘எழுதுவார்’ என்பது நாங்கள் மரியாதைக்குச் சொல்வது. அவர் ஒருபோதும் எதையும் எழுதியதில்லை.

அரபியில் பேசி, துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார். அனுப்பியவை ஒரே நாளில் தானாக மறைந்துவிடும்படி வைத்திருந்தார். அதற்குள் மதாம் நாதியா அவற்றைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிவிட வேண்டும். மதாம் நாதியா எங்கள் மொழிபெயர்ப்பாளர். ஐம்பத்திரண்டு வயது, கெய்ரோக்காரர், கணவரை இழந்தவர், ஷார்ஜாவில் ஒரே அறையில் குடியிருந்தார். மகள் கெய்ரோவில் அத்தை வீட்டில் தங்கி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, விரல்கள் மட்டும் ஓட அவர் வேலை செய்வதை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் நிறுத்தி என் பக்கம் திரும்புவார். என்னை ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிடுவார், ஐயா என்பதுபோல.

“உஸ்தாத், இந்த வாரம் சுதந்திரம் ஒரு காற்றாம்.”

“போன வாரம்?”

“போன வாரம் ரொட்டி.”

ஆங்கிலப் பிரதி தயாரானதும் அவர் நேரில் வந்து அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இது அவர் வைத்த நிபந்தனை. சிறிய கூட்ட அறையில் அவர், மதாம் நாதியா, நான் மூன்று பேரும் உட்காருவோம். சட்டைப் பையில் பொட்டலமாக உப்புப் பூசணி விதை வைத்திருப்பார். மதாம் வாசிக்க வாசிக்க விதையைப் பல்லால் உடைத்துத் தோலை என் பக்கப் பிரதியின் மேல் துப்புவார். பக்கத்தில் குப்பைக்கூடை இருக்கும். ஒரு முறை அதை நகர்த்தி அவர் காலடியில் வைத்தேன். புன்னகையோடு அதைப் பார்த்தார், மறுபடியும் பிரதியிலேயே துப்பினார். நல்ல வாக்கியம் வரும்போது கையை உயர்த்துவார்.

“மறுபடி.”

மதாம் மறுபடி வாசிப்பார். தலைவரின் கண்கள் நனையும். தன் பேச்சுக்குத் தானே கலங்கும் மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பெண்ணுரிமை பற்றி ஒரு கட்டுரை வாசித்த நாளில் அறையில் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. ஒன்றில் அவர், ஒன்றில் நான், மூன்றாவதில் அவருடைய தோல் பை. முழுக் கட்டுரையையும் மதாம் நின்றுகொண்டே வாசித்தார். நான் எழுந்தேன். மதாம் கண்ணாலேயே வேண்டாம் என்றார். ‘இந்தச் சமூகம் தன் பெண்களுக்கு இடம் தராதவரை’ என்று தொடங்கும் பத்தியை அவர் மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

அவருடைய கட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எகிப்திலும் நம் ஊரைப் போல வாக்குச்சீட்டில் சின்னம் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு. அவர் கட்சிக்குக் கிடைத்தது மேசை மின்விசிறி. முருகேசனிடம் இதைச் சொன்னபோது டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பொருத்தமாத்தான் குடுத்திருக்கான் சார். எந்தப் பக்கம் ஆளு இருக்கோ அந்தப் பக்கம் திரும்பி வீசும்.”

வக்கீலாகத் தொடங்கியவர். அவரை எல்லோரும் ‘தொக்தோர்’ என்பார்கள், டாக்டர் என்று அர்த்தம். ஒரு முறை நாடாளுமன்றத்தில் இருந்தார். பெரிய கட்சி ஒன்றில் துணைத்தலைவராகி, அதை உடைத்து வெளியே வந்தார். பிறகு மதவாதிகளோடு கூட்டணி, அதற்குப் பிறகு மதவாதிகளை ஒழிக்க வந்தவர்களோடு கூட்டணி. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் அவர் எதிர்க்கட்சியிலேயே இருந்தார். ஆனால் ஒவ்வொரு ஆட்சித் தலைவரோடும் விருந்து மேசையில் எடுத்த படம் அவர் கைபேசியில் இருந்தது. அதைக் காட்டும்போது, “நான் இவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன்” என்பார். என்ன சொன்னார் என்று கேட்டால், “கட்சியின் நிலைப்பாட்டைச் சொன்னேன்.”

அவரைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பதில்கள் போதும். துணிச்சல் அவருடையது. சொன்ன சொல் கட்சியுடையது. ஏதாவது சிக்கலானால் “நான் ஒரு தனிமனிதன் இல்லையே, ஹபீபி. பொதுக்குழுவைக் கேட்க வேண்டும்” என்பார். பொதுக்குழு ஷார்ஜாவில் ஹூக்கா புகைக்கிற ஒரு ஷீஷா கடையில் வியாழக்கிழமைதோறும் கூடும். மூன்று உறுப்பினர்கள். ஒருவர் கார் உதிரிபாகம் விற்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இன்னொருவர் தலைவரின் மைத்துனர்.

கெய்ரோவில் பழைய அமைச்சர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருந்த வாரம் அவரிடமிருந்து மூன்று குரல் செய்திகள் வந்தன. முதலாவது அஞ்சலி. இரண்டாவது, விரைவில் குணமடையப் பிரார்த்தனை. மூன்றாவது, அந்த அமைச்சரின் ஊழல்கள் பற்றிய காட்டமான கண்டனம். மதாம் நாதியா மூன்றையும் மொழிபெயர்த்துவிட்டு, எதைப் பக்கத்தில் வைப்பது என்று அவரைத் தொலைபேசியில் கேட்டார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

“டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?”

“தெரியவில்லை என்கிறார்கள், தொக்தோர்.”

“அப்படியானால் மூன்றையும் தயாராக வையுங்கள். கட்சி முடிவெடுக்கும்.”

இதெல்லாம் வெறும் அருவருப்பு. அருவருப்போடு ஒரு மனிதரை வாராவாரம் சகித்துக்கொள்ள முடியும். பத்திரிகை வேலையில் பாதி அதுதான். ஈத் விடுமுறை வாரத்தில் நடந்தது வேறு.

கெய்ரோவில் அமைச்சரவை மாறப்போகிறது, எதிர்க்கட்சியிலிருந்தும் ஓரிருவரை அழைப்பார்கள், அழைக்கப்படுகிறவர் கொஞ்சம் தைரியசாலியாகத் தெரிந்தால் நல்லது என்று அந்த வாரம் ஒரு பேச்சு ஓடியது. கட்டுரையில் புதிதாக ஒரு பத்தி வந்தது. விசாரணையில்லாமல் சிறையில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை அரசு வெளியிட வேண்டும், அந்தப் பெயர்களைத் தாய்மார்கள் வாய்மொழியாகச் சொல்லித் திரியும் நிலை ஒரு நாட்டுக்கு அவமானம் என்று. ஆறு வருடத்தில் அவர் சொன்னவற்றில் உருப்படியான பத்தி அது ஒன்றுதான்.

மதாம் நாதியா அதைக் கூட்ட அறையில் வாசித்தார். முருகேசன் டீ வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் கையை உயர்த்தினார்.

“மறுபடி.”

மதாம் வாசித்தார். விதை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இதைத் தொடாதீர்கள். ஒரு எழுத்துகூட. இதை நான் சொல்லியாக வேண்டும்” என்று அரபியில் சொல்லி என் தோளைத் தட்டினார்.

எங்கள் ஆசிரியர் ஓர் ஆங்கிலேயர். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். விடுமுறை வாரத்தில் பக்கங்களை நாலைந்து பேர்தான் ஓட்டுவோம். விருந்தினர் கட்டுரையில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் எழுதப்படாத சட்டம். ‘விருந்தினர்’ என்றால் கட்டுரைக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் விருந்தினர். நான் பக்கத்தை அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அமைச்சரவை மாறியது. அவரை யாரும் அழைக்கவில்லை. பத்தியைப் பற்றிக் கெய்ரோவிலிருந்து இங்கே யாரோ யாரிடமோ பேசினார்கள். ஆசிரியர் விடுமுறையைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். தலைவரின் கட்சி முத்திரையோடு வந்த கடிதம். அந்தப் பத்தி தலைவர் சொன்னதல்ல, மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தக் கருத்தைச் சேர்த்துவிட்டார், கட்சி இதற்கு வருந்துகிறது.

“இது பொய். நான் அறையில் இருந்தேன். அவரே இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்” என்றேன்.

“தெரியும்” என்றார் ஆசிரியர்.

“குரல் செய்தியும் வந்தது.”

“இருக்கிறதா?”

இல்லை. அது மறைந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

“உன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். நான் சேர்க்கவில்லை. இரண்டு வரியில் திருத்தம் எழுதிக் கொடு” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். சுத்தமான இரண்டு வரிகள். ‘மொழிபெயர்ப்பாளர் தன்னிச்சையாகச் சேர்த்த பத்தி’ என்ற தொடர் என்னுடையது. மறுநாள் அதே பக்கத்தின் அடியில் வந்தது. அன்றே மதாம் நாதியாவின் விசாவை கேன்சல் செய்யப் போட்டார்கள்.

வேலை போனதுகூடப் பெரிதல்ல. விசா போனால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மதாமுக்குப் போக கெய்ரோவைத் தவிர வேறு இடம் இல்லை. அவர் மகள் அங்கே இருக்கிறாள். சிறைக்கைதிகளின் பட்டியலைக் கேட்டது இந்தப் பெண்தான் என்று அச்சில் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை அதே ஊர் விமான நிலையத்துக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காப்பாற்ற ஒரே வழி இருந்தது. ‘அந்தப் பத்தி என்னுடையது’ என்று தலைவர் ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும். பத்திரிகையில்கூட வர வேண்டாம். மதாம் கைப்பையில் இருந்தால் போதும்.

நானும் மதாமும் அவரைப் போய்ப் பார்த்தோம். கதவை அவரே திறந்தார். மதாமைப் பார்த்ததும் கண் கலங்கினார். “என் சகோதரி” என்றார். எகிப்திலேயே இவரைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் கிடையாது என்று என்னிடம் சொன்னார், ஏதோ எனக்கு அதில் சந்தேகம் இருப்பதுபோல. பேரீச்சம்பழம் வைத்தார். கடிதம் என்றதும் இரண்டு கைகளையும் விரித்தார்.

“நானாக இருந்தால் இந்த நிமிடமே எழுதித் தருவேன். கட்சி இருக்கிறதே. வியாழக்கிழமை வாருங்கள். பொதுக்குழுவில் நீங்களே பேசலாம். எங்களுடையது ஜனநாயகக் கட்சி.”

“தொக்தோர், நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு எதற்குக் குழு?” என்றார் மதாம்.

“மாலேஷ், மாலேஷ்” என்றார். பரவாயில்லை, விட்டுவிடு என்று அர்த்தம். மன்னிக்க வேண்டியவர்கள் சொல்ல வேண்டிய வார்த்தை.

வியாழக்கிழமை மாலை அந்த ஷீஷா கடைக்குப் போனோம். தலைவர் நடு நாற்காலியில் இருந்தார். மதாம் அரபியில் பேசினார். ஐந்து நிமிடம்தான். குரல் உயரவில்லை. எந்த நாள், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், எத்தனை முறை வாசித்தேன். கணக்கு வாத்தியார் குறிப்பெடுத்தார். பிறகு தலைவர், தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுகிறேன் என்றார். தீர்மானம் இதுதான்: தலைவர் அந்தப் பத்தியைச் சொன்னாரா?

சொன்னவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னாரா இல்லையா என்று மூன்று பேர் கைதூக்கப் போகிறார்கள். நான் இருபது வருடம் கூட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதியவன். நகராட்சியில், சட்டமன்றத்தில், சங்கங்களில் என்னென்னவோ தீர்மானங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

உதிரிபாகக்காரரும் மைத்துனரும் சொல்லவில்லை என்று கைதூக்கினார்கள். கணக்கு வாத்தியார் தயங்கி மதாமைப் பார்த்தார், பிறகு குறிப்பேட்டைப் பார்த்தார், நடுநிலை என்றார். தலைவர் வாக்களிக்கவில்லை. தன்னைப் பற்றிய விஷயத்தில் தான் வாக்களிப்பது கண்ணியம் ஆகாது என்றார்.

“அப்படியானால் நான் பொய் சொல்கிறேன் என்று தீர்மானமா?” மதாம் கேட்டார்.

“கட்சி உங்களைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லவில்லை, சகோதரி” என்றார். எழுந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும் நாளில் முருகேசன் மதாமின் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். அன்றுதான் முதன்முறையாக அவர் அரபியில் பேசிக் கேட்டேன். மதாம் திகைத்துப்போனார்.

“உனக்கு அரபி தெரியுமா, முருகேசன்? அன்று அறையில் நீயும் இருந்தாயே!”

“இருந்தேன் மதாம். எல்லாம் கேட்டேன்” என்றார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “எங்கிட்ட யாரு சார் கேட்டா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கெய்ரோ விமான நிலையத்தில் மதாமைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். அதிகாரி கையில் எங்கள் பக்கத்தின் நகல் இருந்தது, திருத்தத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு. இது நீ சேர்த்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் மதாம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு தொலைபேசியில் கேட்டேன். “இல்லை என்றால் அடுத்து என்ன கேட்பார்கள், உஸ்தாத்? அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள்” என்றார்.

வழக்குப் பதிவானது. மதாம் எகிப்தைவிட்டு வெளியே போகத் தடை. வாரம் இரண்டு நாள் காவல் நிலையத்தில் கையெழுத்து. மகளின் கல்லூரி நிர்வாகம் அவளைக் கூப்பிட்டுப் பேசியது. ‘ஆமாம்’ என்று சொன்ன பெண்ணைப் பற்றிச் செய்தி மெல்லப் பரவி, இணையத்தில் இளைஞர்கள் அந்தப் பத்தியைப் பகிரத் தொடங்கினார்கள். தாய்மார்கள் அதை அட்டையில் எழுதிப் பிடித்த படங்கள் வந்தன. அப்போது வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் நம் தலைவர் தோன்றினார். தலைமுடிக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். காதோரம் தோலிலும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது. அந்தப் பத்தி யாருடைய சிந்தனை என்று உலகுக்குத் தெரியும் என்றார். மதாம் நாதியாவை, ‘எங்கள் கட்சியின் வீர மகள்’ என்றார். பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

மதாமின் வக்கீல் அந்த ஒளிப்பதிவை ஆதாரமாகத் தாக்கல் செய்தார். இரண்டே நாளில் கட்சி முத்திரையோடு இன்னொரு கடிதம் வந்தது. தலைவர் தொலைக்காட்சியில் பேசியது உணர்ச்சியின் வெளிப்பாடு, வாக்குமூலமாகக் கொள்ளக்கூடாது. பொதுக்குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. இந்த முறை கணக்கு வாத்தியாரும் கைதூக்கியிருக்க வேண்டும்.

அவர் கட்டுரை இன்னும் வருகிறது. புது மொழிபெயர்ப்பாளர் ஒரு லெபனான்காரர். வாசிப்புக்கு அதே அறை. பிரதியின் மேல் கிடக்கும் தோல்களை நான்தான் தட்டிவிடுகிறேன்.

போன மாதம் மதாமின் வக்கீல் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல ஆங்கிலம், களைத்த குரல்.

“அவர் உங்கள் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்கிறார். நானாகத்தான் தேடிக் கண்டுபிடித்தேன். நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. அறையில் இருந்தேன், அவர் சொன்னதைக் கேட்டேன் என்று ஒரு கடிதம், உங்கள் கையெழுத்தோடு. வழக்கு நிற்காது” என்றார்.

“ஆபீஸைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் ஆபீஸைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டும். மனைவியும் பையனும் என் விசாவில்தான் இருக்கிறார்கள். காரணங்கள் எல்லாம் உண்மையானவை. மதாமிடமும் உண்மையான காரணங்கள் இருந்தன.

அன்று அந்த அறையில் நான் இருந்தேன். அந்தப் பத்தியைச் சொன்னவர் அவர்தான். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு எழுத்தையும் தொடாதே என்று என் தோளைத் தட்டினார். இதை நான் இப்போது எழுத்தில் சொல்லிவிட்டேன். தமிழில். அவருக்கும், எங்கள் ஆசிரியருக்கும், கெய்ரோவில் அந்த வழக்கை விசாரிப்பவர்களுக்கும், மதாம் நாதியாவுக்கும் படிக்கத் தெரியாத மொழியில்.